ரோசா வரைந்த றெடூட்டே

மலரைக் கண்டு மகிழாதார் அரியர். கண்ட மலரைக் கண்டவாறே தாளில் எழுதவல்லார் அவரினும் அரியர். அத்தகையோருள் ஒருவராகிய பியர் யோசப் றெடூட்டே என்னும் ஓவியரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1759ஆம் ஆண்டு, இன்று பெல்ஜிய நாட்டில் உள்ள சென்ற் ஹூபேர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் பாட்டனாரும் ஓவியர்களே. பதின்மூன்றாம் வயதில் வீட்டை நீங்கி, ஊர்தோறும் சென்று ஓவியத் தொழில் செய்து பிழைத்தார். 1782இல் பாரிஸ் நகரை அடைந்து, நாடக மேடைத் திரைகளை எழுதிவந்த தமையனாருக்குத் துணையானார்.

திரைச்சீலை தூரத்தில் இருந்து காண்பார்க்கு அழகாயிருத்தல் போதும். தாவரப் படமோ அணுகி ஆராய்வார்க்கும் பிழையின்றி அமைதல் வேண்டும். மலரின் உறுப்புக்களைப் பகுத்து நோக்கும் முறையை லெரித்தியே என்னும் தாவரநூல் அறிஞர் இவருக்குக் கற்பித்தார். நீர்வண்ண நுட்பத்தை வான் ஸ்பேண்டொங்க் என்னும் ஓவியரிடம் பயின்றார். தம் படங்களை அச்சேற்றுதற்கு, செப்புத் தகட்டிற் கோடுகளால் அன்றி நுண்புள்ளிகளாற் செதுக்கும் முறையைக் கைக்கொண்டார். ஒரே தகட்டிற் பல வண்ணங்களை இட்டு அச்சிட்டபின், தூரிகையால் நிறைவு செய்தனர். இதழின் மென்மை அப்புள்ளிகளாலேயே புலப்பட்டது.

அரசி மரீ அந்துவானெத் இவரை ஆதரித்தார். புரட்சி எழுந்தது, 1793இல் அரசி கொலையுண்டார். றெடூட்டேயின் தூரிகை ஓயவில்லை. பின்னர் நெப்போலியனின் மனைவி யோசப்பீன், மால்மேசோன் மாளிகைத் தோட்டத்து மலர்களை வரையுமாறு இவரைப் பணித்தார். அவரும் 1814இல் மறைந்தார். அதன்பின் 1817 முதல் 1824 வரை வெளிவந்ததே றெடூட்டேக்கு அழியாப் புகழ் தந்த ரோசா நூல். மூன்று தொகுதிகளில் ஏறத்தாழ 170 படங்கள் கொண்டது அது. விளக்கவுரையை எழுதியவர் தோரி என்பார். பழைய ரோசா வகைகளை இனங்காண்போர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர்.

1822 முதல் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் இவர் ஓவியம் கற்பித்தார். எனினும் முதுமையில் வறுமை நெருக்கியது. வீட்டுப் பொருள்களையும் விற்க நேர்ந்தது. 1840ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மாணவர் ஒருவர் கொணர்ந்த லில்லி மலரை ஆராய்ந்துகொண்டிருக்கையில் நோயுற்று உயிர்நீத்தார் என்பர். அப்போது வயது எண்பது.

அரசியும் போயினார், பேரரசியும் போயினார், தேடிய பொருளும் நில்லாது போயிற்று. மலரை உள்ளவாறு நோக்கிய நோக்கின் பயன் மட்டுமே எஞ்சி நின்றது. தாவரவியற் பாடத்துக்குப் படம் வரையப் புகும் நம் மாணவர், புத்தகப் படத்தைப் பார்த்தெழுதாது கையிலுள்ள இலையையே பார்த்தெழுதுவாராயின், றெடூட்டே சென்ற வழியில் ஓரடி வைத்தவராவர் என்பது நம் கருத்து.