ஷூவுக்குள்ளே சுவிட்ச், காதுக்குள்ளே ஸ்வரம்... ரௌலட் சக்கரத்துக்கே கணக்குப் போட்ட கிளாட் ஷானன்!

அரிமளத்தில் பஸ் ஏறி புதுக்கோட்டை வந்து சேர்றதுக்குள்ள மொபைலில் எத்தனை வீடியோ பார்க்கிறீங்க? நடுவுல ஒரு விளம்பரமும் எட்டிப் பார்க்கும். சக்கரத்தைச் சுத்துங்க, பணத்தை அள்ளுங்கனு கூப்பிடும். அந்த வீடியோ உங்க கைக்கு வர்றதுக்கான அடிப்படைக் கணக்கை எழுதியவரும், அந்தச் சக்கரத்தை இயற்பியலால் ஜெயிக்க முடியுமானு சோதித்துப் பார்த்தவரும் ஒரே ஆள்தான். பெயர் கிளாட் ஷானன்.

1916-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயசு ஹீரோ எடிசன். வயல் ஓரத்து முள்கம்பி வேலியையே ஒயராக்கி, அரை மைல் தள்ளியிருந்த நண்பன் வீட்டுக்குத் தந்தி அனுப்பிய பையன். 21 வயதில் எழுதிய ஆய்வேடு, இன்றைய கம்ப்யூட்டர் சர்க்யூட்டுகளுக்கு அஸ்திவாரம். 1948-ல் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது வெளியிட்ட கட்டுரை, எந்தத் தகவலையும் 0, 1 எனப் பிரித்து அளக்கலாம்னு உலகத்துக்குச் சொன்னது.

இவ்வளவு பெரிய மூளைக்காரர் எப்படி இருந்திருப்பார்னு நினைக்கிறீங்க? ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிக்கிட்டு, பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிச்சு விளையாடிக்கிட்டு, வீடு முழுக்கப் பொம்மை இயந்திரங்களைச் செஞ்சு வெச்சிருந்தார்!

1960-ல் எட்வர்ட் தோர்ப் என்ற இளம் கணித ஆசிரியர் அவரைத் தேடி வந்தார். சீட்டாட்டம் பற்றிய தன் கட்டுரைக்கு உதவி கேட்கத்தான் வந்தார். பேச்சு ரௌலட் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், ஷானனைப் பிடிக்க முடியவில்லை. 1,500 டாலர் கொடுத்து நிஜ ரௌலட் சக்கரத்தையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்.

இதுல இயற்பியல் எங்கே வருதுனு கேட்கிறீங்களா? அமெரிக்க ரௌலட்டில் 38 குழிகள். சரியான எண்ணில் பணம் வைத்தால், ஒன்றுக்கு 35 மடங்குதான் லாபம் தருவார்கள். இந்த இடைவெளிதான் சூதாட்ட விடுதியின் சம்பாத்தியம். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5.26 டாலர் அவர்களுக்குப் போகும். ஆனால், பந்தை உருட்டிவிட்ட பிறகும் சில விநாடிகள் பணம் வைக்கலாம். பந்து எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அந்த நேரத்துக்குள் அளந்துவிட்டால், பந்து எந்தப் பக்கம் விழும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பந்து தட்டுப்பட்டுத் துள்ளுவதால் ஒற்றை எண்ணைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, பகுதியைச் சொல்லலாம்.

1961-ல் கருவி தயார். 12 டிரான்சிஸ்டர்கள், சிகரெட் பாக்கெட் அளவு. உடம்பில் அணியக்கூடிய முதல் கம்ப்யூட்டர் இதுதான் என்கிறார்கள். ஷூவுக்குள் இருக்கும் சுவிட்சை ஒருவர் கால் விரலால் அழுத்தி வேகத்தை அளக்க வேண்டும். பணம் வைப்பவர் காதில் எட்டு ஸ்வரங்கள் மாறி மாறி ஒலிக்கும். கடைசியாகக் கேட்ட ஸ்வரம்தான், எட்டில் எந்தப் பகுதி என்பதற்கான சிக்னல். சாதகமான எண்ணில் 100 டாலர் வைத்தால் சராசரியாக 44 டாலர் லாபம் வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கோடையில் இருவரும் மனைவிகளோடு லாஸ் வேகாஸ் போனார்கள். ஷானன் சக்கரத்தருகே நின்று அளக்க, தோர்ப் பணம் வைத்தார். கணக்கு வேலை செய்தது! ஆனால், காதுக்குப் போகும் முடி போன்ற மெல்லிய ஒயர் அடிக்கடி அறுந்தது. மாட்டினால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. சின்னத் தொகைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். உலகத்துக்கு இது தெரிந்ததே 1966-ல்தான். 1985-ல் நெவாடா மாநிலம் இப்படிப்பட்ட கருவிகளுக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது.

ஷானனின் கடைசி ஆண்டுகளை அல்சைமர் நோய் எடுத்துக்கொண்டது. தகவலுக்கு அளவு கண்டவரின் நினைவிலிருந்து தகவல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2001 பிப்ரவரியில் மறைந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு, நாமும் ஒரு கை பார்க்கலாமேனு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. ஷானன் அளந்தது நிஜமான பந்தை, நிஜமான உராய்வை. மொபைல் விளையாட்டில் நீங்க பார்க்கிற சக்கரம் பெரும்பாலும் வெறும் படம்தான். எண்ணை முடிவு செய்வது உள்ளே இருக்கும் மென்பொருள். அளக்கறதுக்குப் பந்தே இல்லாத இடத்துல இயற்பியல் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலிலேயே ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. அத்தனை திறமையும், சொந்தச் சக்கரமும், பல மாத உழைப்பும் வைத்திருந்த ஷானனே சில்லறைத் தொகையோடு எழுந்து வந்துவிட்டார். வெறும் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மாதச் சம்பளத்தை அதில் போடாதீங்க!