பேராசிரியர் சேஷாத்ரி

பரீட்சைக் காலம் நெருங்கும்போது தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் கல்லூரி மாணாக்கர் கையில் ரசாயன ரிக்கார்டு நோட்டு ஒன்று தவறாமல் இருக்கும். அதில் எழுதியுள்ளவற்றில் எத்தனையை அவர்கள் தங்கள் கண்ணால் கண்டார்கள் என்று கேட்டால் பலர் தலை குனிவர். அவர்களை மட்டும் குறை கூற நமக்கு உரிமையில்லை. விஞ்ஞானம் படித்த இரண்டு ஆண்டுகளில் நாமும் முடிவை முதலில் எழுதிக்கொண்டு, பரிசோதனையை அதற்கேற்பப் பின்னால் எழுதியவர்களே.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. புட்டியில் இருக்கும் பொருள் எதுவென்பது ஆசிரியருக்குத் தெரியும்; பணியாளருக்குத் தெரியும்; சென்ற ஆண்டு மாணாக்கருக்கும் தெரியும். யாவரும் அறிந்த விடையை மீண்டும் கண்டுபிடி என்றால் இளைஞனுக்கு ஊக்கம் எங்கிருந்து பிறக்கும்? விடை தெரியாத கேள்வியைத் தன் நாட்டு மண்ணிலேயே தேடி எடுத்த ஒரு தமிழரின் சரித்திரத்தை இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

திருவேங்கடம் ராஜேந்திரம் சேஷாத்ரி 1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர், செல்வமில்லாத குடும்பம். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பயின்று, பின் சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்தார். அக்காலத்தில் ராமகிருஷ்ண மடத்தார் அவரை ஆதரித்தனர். பட்டம் பெற்றபின் ஓராண்டு அவர்களுடைய பள்ளியில் பணியாற்றிவிட்டு மீண்டும் மாநிலக் கல்லூரிக்கே வந்து, பேராசிரியர் பிமன் பிஹாரி தே என்பவரிடம் ஆராய்ச்சி தொடங்கினார். தே கல்கத்தாவில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயின் மாணாக்கர். வங்கத்தில் ராய் ஏற்றிய விளக்கின் சுடர் இவ்வாறு தமிழ்நாட்டுக்கு வந்தது.

1927-ல் சென்னை அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று மான்செஸ்டருக்குச் சென்றார். பின்னர் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்ஸன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் ஆஸ்திரியாவில் பிரெகல் என்னும் அறிஞரிடம், சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே அதிலுள்ள கரி, ஹைட்ரஜன் முதலியவற்றை அளந்தறியும் நுட்பத்தைக் கற்றார். பொருளற்ற நாட்டின் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட உதவும் வித்தை வேறில்லை.

1930-ல் தாயகம் திரும்பியவருக்குக் கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பகுத்தாராயும் உத்தியோகமே கிடைத்தது. 1933-ல் வால்டேரிலுள்ள ஆந்திர சர்வகலாசாலை அவரை அழைத்தது. அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன? பருத்திப் பூ, புளிச்சைப் பூ, பூவரசம் பூ, புங்க விதை. நமது வேலியிலும் வாய்க்கால் கரையிலும் கிடப்பவை! அவற்றின் மஞ்சள் நிறம் எந்தப் பொருளால் உண்டாகிறது, அப்பொருளின் அமைப்பு யாது என்பதே அவர் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கண்ட முறை வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு மிகவும் ருசிக்கிறது. மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி. சந்தர்ப்ப சாட்சியங்களைக் கொண்டே அதைப் பிடிக்க வேண்டும். பூவைச் சாராயத்தில் கொதிக்கவைத்து நிறப்பொருளைப் பிரிக்கிறார்கள். அதன் பல இடங்களை மெதில் தொகுதியால் மூடிக் காப்பாற்றிவிட்டு, க்ஷாரத்துடன் காய்ச்சுகிறார்கள். மூலக்கூறு இரு துண்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு துண்டும் எதுவென்று அறிந்தால், முழு உருவத்தை ஊகிக்கலாம். 15 கரி அணுக்கள். இருபுறமும் 6 அணு கொண்ட வளையம், நடுவே 3 அணு கொண்ட பாலம் என்று எலும்புக்கூடு தெரிகிறது. ஆயினும் ஊகம் தீர்ப்பாகாது. எளிய பொருள்களிலிருந்து அதே மூலக்கூற்றைக் கட்டி, பூவின் பொருளுடன் கலந்து உருக்கிப் பார்க்க வேண்டும். உருகும் வெப்பநிலை சிறிதும் தாழாவிட்டால் இரண்டும் ஒன்றே. அடையாள அணிவகுப்பு முடிந்தது, வழக்கும் முடிந்தது.

இம்மட்டோடு அவர் நிற்கவில்லை. க்ஷாரக் கரைசலில் பெர்சல்பேட்டைச் சேர்த்து வளையத்தில் குறித்த இடத்தில் ஆக்ஸிஜனை ஏற்றும் பழைய முறையை இப்பூநிறப் பொருள்களில் கையாண்டார். செடியும் இவ்வாறே எளியதிலிருந்து சிக்கலானதைப் படிப்படியாக ஆக்குகிறது என்னும் கருத்தை அதிலிருந்து வளர்த்தார். புங்க எண்ணெயிலிருந்து பொங்கமோல் என்னும் பொருளை ரங்கசுவாமியுடன் சேர்ந்து பிரித்தெடுத்தார்.

1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. கட்டடங்கள் ராணுவத்தின் கைக்குப் போயின; சர்வகலாசாலை குண்டூருக்குப் பெயர்ந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு அமைத்த சாலையை இழந்தவர் வேலையை நிறுத்தியிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். ஆனால் அந்த யுத்த ஆண்டுகளிலேயே பூவரசம் பூவைப் பற்றியும் பருத்திப் பூவைப் பற்றியும் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி, ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பத்திரிகையில் வந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1949-ல் டில்லி சர்வகலாசாலைக்குச் சென்றார். 1960-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. 1963-ல் பத்மபூஷண் விருது வந்தது. 1967-ல் இந்திய விஞ்ஞான மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1965-ல் ஓய்வு பெற்ற பின்பும் ஆராய்ச்சியை விடவில்லை. 1975 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளும், தேசமெங்கும் பரவிய மாணாக்கர் கூட்டமும் அவர் விட்டுச்சென்ற ஆஸ்தி.

இன்று காந்தப் புல நிறமாலைக் கருவிகள் வந்துவிட்டன. அவர் பல மாதங்கள் உழைத்து அறிந்ததை ஒரு நாளில் சொல்லிவிடுகின்றன. உண்மையே. ஆனால் எந்தப் பூவை எடுப்பது, எதற்காக எடுப்பது என்று எக்கருவியும் சொல்லாது. கருவியை விலைக்கு வாங்கலாம்; கேள்வியை வாங்க முடியாது. கேள்வியையும் அயலாரிடம் கடன் வாங்கும் ஜனங்கள் கொடி ஏற்றியும் அடிமைகளே.

1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது அதனைச் சூழ்ந்திருந்த புதர்க்காடு இன்றும் அங்கே நிற்கிறது. சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மூலிகைகளைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கிறது. தென்புறநகரின் தெருக்களில் புங்க மரம் நிழல் தருகிறது. இத்தனை செல்வத்தின் நடுவே நமது இளைஞர்கள் பழைய நோட்டைப் பார்த்து எழுதுவது தகுமா?

கல்லூரி ஆசிரியர்களுக்கு நமது வேண்டுகோள் சிறியதே. ஆண்டில் ஒரு பரிசோதனையேனும் விடை முன்கூட்டித் தெரியாததாக இருக்கட்டும். மாணாக்கன் தன் தெருவிலிருந்து ஒரு பூவைக் கொண்டு வரட்டும். நீர்த்தொட்டியில் சாராயத்துடன் சூடாக்கி வடிகட்டட்டும். ஒரு குழாயில் சில துளி க்ஷாரம் விட்டு மஞ்சள் ஆழ்வதைப் பார்க்கட்டும். மற்றொன்றில் மக்னீஷியத் துண்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சிவக்கிறதா என்று காத்திருக்கட்டும். சிவந்தாலும் சிவக்காவிட்டாலும் கண்டதை உள்ளபடி எழுதட்டும். அந்தப் பக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

குளித்தலைப் பள்ளி ஆசிரியரின் மகனுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவே.