படிகங்களோடு வாழ்ந்த பியரி கியூரி

கியூரி என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருபவை ரேடியமும் மேரி அம்மையாரும்தான். பியரி கியூரி யார் என்று கேட்டால், அம்மையாரின் கணவர் என்று சொல்லி நிறுத்திவிடுவோம். எங்கள் முதுகலை இயற்பியல் வகுப்பில் ஃபெர்ரோ மின்படிகங்கள் பற்றிய பாடம் நடந்தபோது, கியூரி வெப்பநிலை என்ற சொல் அடிக்கடி வந்தது. அது யாருடைய பெயர் என்ற கேள்வி எழுந்ததும் வகுப்பில் பாதிப்பேர் மேரி அம்மையார் பெயரையே சொன்னார்கள். ரேடியத்தைத் தொடுவதற்கு முன்பே தம் பெயர் நிலைக்கும் பணிகளைச் செய்து முடித்திருந்த அந்த மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்கு அன்றுதான் பிறந்தது.

பியரி 1859-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தை யூஜின் கியூரி ஒரு மருத்துவர். ஒன்றைப் பற்றிக்கொண்டால் வேறெதையும் நினையாத மகனின் இயல்பை உணர்ந்து, அவர் பியரியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தார். பதினெட்டு வயதில் பியரி அறிவியலில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சார்போன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். அண்ணன் ஜாக் அங்கே கனிமவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி வந்தார்.

அக்காலத்தில் அறிஞர்களை ஈர்த்த கற்களுள் ஒன்று டூர்மலின். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்ற கல் இது. இதைச் சூடாக்கினால் சாம்பலைத் தன்பால் இழுக்கும். அதாவது இதன் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றும். சூடு செய்யும் வேலையை அழுத்தமும் செய்யுமா என்று சகோதரர்கள் எண்ணினர். அவர்கள் கண்ட கற்களையெல்லாம் நசுக்கிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. எந்தப் படிகத்தின் அமைப்பில் சமச்சீர் குறைகிறது, எந்தத் திசையில் அறுத்து அழுத்தினால் மின்னூட்டம் வரக்கூடும் என்று முதலில் கணித்தார்கள். பிறகு படிகத்தைத் தகடாக அறுத்து, இருபுறமும் வெள்ளீயத் தாள் ஒட்டி, இடுக்கியில் வைத்து அழுத்தினார்கள். தாமசனின் மின்னளவி அசைந்தது! அழுத்தத்தைத் தளர்த்தியபோது எதிர்த்திசையில் அசைந்தது. தோன்றிய மின்னூட்டம் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருந்தது. 1880-இல் இந்த அழுத்த மின் விளைவை அறிவித்தபோது தம்பிக்கு வயது 21. டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், கரும்புச் சர்க்கரை, ரோஷெல் உப்பு ஆகியவை அவர்கள் சோதித்த படிகங்களுள் சில. ரோஷெல் உப்பின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மறுதலையாக, மின்புலம் தந்தால் படிகம் சுருங்கி விரிய வேண்டும் என்று லிப்மன் 1881-இல் கணக்கிட்டுக் கூறினார். அதே ஆண்டில் சகோதரர்கள் அதையும் சோதனையால் மெய்ப்பித்தார்கள். 1883-இல் ஜாக் மான்பெல்லியே நகருக்குப் போய்விட்டார். பியரி பாரிசில் புதிதாகத் தொடங்கப்பெற்ற தொழில் இயற்பியல், வேதியியல் பள்ளியில் அமர்ந்து, குறைந்த ஊதியத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். தமக்கென ஒரு நல்ல ஆய்வுக்கூடம் அவருக்கு வாய்க்கவேயில்லை.

இருந்தும் அவர் ஓயவில்லை. ஓர் இயற்பியல் விளைவு தோன்ற வேண்டுமானால் சில சமச்சீர்கள் இல்லாதிருக்க வேண்டும் என்ற பொதுக் கோட்பாட்டை 1894-இல் வெளியிட்டார். மறு ஆண்டு, காந்தப் பண்புகள் வெப்பத்தால் எவ்வாறு மாறுகின்றன என்ற ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்றார். இரும்பு ஏறத்தாழ 770 டிகிரி செல்சியசில் தன் வலிய காந்தத்தன்மையை இழக்கிறது. அத்தகைய எல்லையைத்தான் கியூரி வெப்பநிலை என்கிறோம்.

1895 ஜூலையில் மேரியை மணந்தார். யுரேனியக் கதிர்களால் காற்றில் உண்டாகும் மின்னோட்டம் மிக மிக நுண்ணியது. அதை மேரி அம்மையார் எதைக் கொண்டு அளந்தார் தெரியுமா? சகோதரர்கள் அமைத்த குவார்ட்ஸ் கருவியைக் கொண்டுதான்! குவார்ட்ஸ் தகட்டில் எடையைத் தொங்கவிட்டு, அதில் எழும் மின்னூட்டத்தால் அந்த மின்னோட்டத்தைச் சமன் செய்தார்கள். படிகம் இல்லையேல் ரேடியத்துக்கு வழி ஏது? 1903-இல் நோபல் பரிசுக்கு மேரியின் பெயர் பேசப்படாததை அறிந்த பியரி, அவரையும் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அரசு அளிக்க முன்வந்த விருதை மறுத்து, தமக்குத் தேவை ஆய்வுக்கூடமே என்று தெரிவித்தார். 1906 ஏப்ரல் 19-ஆம் நாள், மழையில் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அப்போது வயது 46.

அவருடைய படிகங்களின் கதை அத்துடன் முடியவில்லை. முதல் உலகப் போரின்போது அவருடைய மாணவர் லாஞ்சவென், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியக் குவார்ட்ஸ் தகடுகளை அதிரவைத்துக் கேளா ஒலியை எழுப்பினார்.

இனி அந்த ரோஷெல் உப்புக்கு வருவோம். ஒரு காலத்தில் மருந்துக் கடையில் பேதி மருந்தாக விற்ற சரக்கு அது! 1920-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் வாலசெக், அதில் மின்புலத்தை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தார். மின்முனைவாக்கம் இரும்பின் காந்தத்தைப் போலவே தயங்கித் தயங்கித் திரும்பியது. புலத்தை நீக்கினாலும் ஒரு பங்கு எஞ்சி நின்றது. 24 டிகிரிக்கு மேலே சூடாக்கினால் அப்பண்பு மறைந்தது. உப்பில் இரும்பு ஓர் அணுவும் இல்லை. ஆயினும் இரும்போடு கண்ட ஒப்புமையால் ஃபெர்ரோ மின்படிகம் என்ற பெயரும், மாறும் எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்ற பெயரும் நிலைத்தன. 1941 வரை வாழ்ந்த ஜாக்கின் காலத்திலேயே இது நடந்தது.

1960-இல் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளி பிறந்தது. மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கன் குழுவினர் அந்தச் சிவப்பு ஒளியைக் குவார்ட்சுக்குள் செலுத்தினர். உள்ளே சென்ற ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளியே அதனோடு 347 நானோமீட்டர் ஒளியும் சிறிதளவு வந்தது. ஒளியின் மின்புலம் எலக்ட்ரான்களை இருபுறமும் அசைக்கிறது. சமச்சீர் மையமில்லாத படிகத்தில் அந்த அசைவு இருபுறமும் ஒன்றாக இருப்பதில்லை. எனவேதான் இருமடங்கு அதிர்வெண் எழுகிறது. அழுத்தினால் மின்சாரம் தருவதற்கும் அந்த மையம் இல்லாதிருக்க வேண்டும். குழுவினர் சான்றாக அனுப்பிய ஒளிப்படத்தில் இருந்த மங்கிய புள்ளியை, இதழின் அச்சகத்தார் அழுக்கென்று எண்ணி நீக்கிவிட்டார்கள் என்பது வேடிக்கை.

குவார்ட்சில் இரு நிற ஒளிகளும் வெவ்வேறு வேகத்தில் சென்றதால் பலன் சொற்பமே. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகத்தில், இரட்டை ஒளிவிலகலைப் பயன்படுத்தித் தக்க கோணத்தில் ஒளியைச் செலுத்தினால் இரண்டும் ஒரே வேகத்தில் செல்லும். 1962-இல் இவ்வழி கண்டறியப்பட்டபின் பலன் பன்மடங்கு பெருகியது. இந்த உப்பை நீரில் கரைத்து, தூசி படாமல் மூடி, மெல்ல ஆவியாகவிட்டால் முகவையின் அடியில் கண்ணாடி போன்ற படிகம் வளரும்; கல்லூரி மாணவரும் வளர்க்கலாம். அறை வெப்பத்தில் அது ஃபெர்ரோ மின்படிகம் அன்று. அதன் கியூரி வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ்.