அஞ்சாமல் வாழ்ந்த அப்பர்



ராத்திரியில் தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுக்கிறவங்க நம்ம லயத்திலே எத்தனையோ பேர். தோட்டம் கைமாறப் போகுதாம், வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களாம் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தால் போதும், அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்னொரு வீட்டில் மகளுக்கு வரன் அமையவில்லை. அடுத்த வீட்டில் கடைக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. கவலை இல்லாத வீடு எது?

இந்தப் பயம் நமக்குப் புதுசும் இல்லை. 1950, 1960-ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது நம்ம பெரியவங்க இப்படித்தான் கலங்கினாங்க. 1969-இல் வேலை பெர்மிட் முறை வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவங்க, பிழைப்பு என்ன ஆகுமோ, கப்பல் ஏற வேண்டியதுதானோ என்று தவிச்சாங்க. அந்த நாளிலும் தோட்டத்துக் கோயிலில் ஒரு விளக்கை ஏற்றி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பெரட்டுக்குப் போனவங்க உண்டு.

அந்த ஒரு நிமிஷத்தில் அவங்களுக்கு என்ன கிடைத்தது? வெறும் மன ஆறுதல்தானா? இல்லை, கஷ்டத்தைத் தாங்குகிற பலமா? ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முன்னே வாழ்ந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அவர்தான் திருநாவுக்கரசர். அப்பர் என்றால் நம்ம பிள்ளைகளுக்கும் தெரியும்.

சிவன் கோயிலில் நால்வர் சிலைகளைப் பார்த்திருப்பீங்க. அதில் ஒருவர் தோளில் மட்டும் ஒரு கருவி சாய்ந்திருக்கும். அதற்கு உழவாரம் என்று பெயர். புல் செதுக்குகிற கருவி அது. கையில் ஏடும் இல்லை, செங்கோலும் இல்லை. வேலை செய்கிறவனின் கருவியோடு நிற்கிறார் அவர். அதனாலேயே நமக்கு அவர் நெருங்கின சொந்தம்.

இன்றைய கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர் என்று ஒரு ஊர். அங்கே புகழனார், மாதினியார் என்ற தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் திலகவதியார். இளையவர் மருள்நீக்கியார். இவர்தான் பிற்காலத்து அப்பர்.

அக்காளுக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை மாப்பிள்ளையாக நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்னே அவர் அரசனுக்காக வடதிசைப் போருக்குப் போனார். அந்தச் சமயத்தில் அப்பா நோயில் இறந்தார். அம்மாவும் கூடவே போய்ச் சேர்ந்தார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், போரில் மாப்பிள்ளை மாண்டார் என்ற செய்தியும் வந்தது. திலகவதியாருக்கு உயிரோடு இருக்கவே மனசில்லை. தம்பி காலில் விழுந்து அழுதார். அக்காள் போனால் தனக்கு யார் இருக்கிறார்கள், அப்படிப் போவதானால் தானே முன்னே போய்விடுவேன் என்று கதறினார். தம்பிக்காகவே அக்காள் உயிரை வைத்துக்கொண்டாள். தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில், தம்பி தங்கைகளுக்குத் தாயாகிப் போன அக்காமார் நம்ம லயங்களிலும் உண்டு. அவர்களுக்குத் திலகவதியார் பட்டது புரியும்.

வளர்ந்த மருள்நீக்கியார் தண்ணீர்ப் பந்தல் வைத்தார், அறச்சாலை நடத்தினார். ஆனாலும் மனசு அடங்கவில்லை. நிலையில்லாத இந்த வாழ்க்கைக்கு நிலையான வழி எது என்று தேடி, இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைவராகவும் உயர்ந்தார். படிப்பும் பெயரும் மரியாதையும் நிறையக் கிடைத்தன.

அக்காள் திருவதிகைக் கோயிலுக்கு வந்து தங்கிவிட்டாள். விடிவதற்கு முன்னே எழுந்து கோயில் வாசலைக் கூட்டுவாள், சாணம் கரைத்து மெழுகுவாள், பூப் பறித்து மாலை கட்டுவாள். தம்பி திரும்பி வரவேண்டும் என்ற வேண்டுதல் மட்டும் அவள் மனசை விட்டுப் போகவில்லை. இத்தனை இழவைப் பார்த்த ஒரு பெண்பிள்ளை பைத்தியம் பிடிக்காமல் இருந்தது எப்படி? கையில் விளக்குமாறு, மனசில் சாமி. அதுதான் அவள் மருந்து.

தம்பிக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைச் சுருட்டிப் பிடித்துப் புரட்டுகிற வலி. மந்திரித்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் சமையல்காரர் ஒருவரை அக்காளிடம் தூது அனுப்பினார். தான் அங்கே வருவதற்கில்லை என்று அக்காள் சொல்லிவிட்டாள். பட்டத்தையும் பெருமையையும் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி உடுத்தி, ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பி நடந்து வந்து அக்காளின் காலில் விழுந்தார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திருநீறு கொடுத்தாள். விடியற்காலையில் தான் கூட்டப் போகிற கோயிலுக்குத் தம்பியையும் கூட்டிப் போனாள். அங்கே நின்று அவர் மனசு உருகிப் பாடினார், வலி தீர்ந்தது என்று சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் சொல்கிறது. நாவுக்கரசர் என்ற பெயர் வந்ததும் அங்கேதான். அன்றைக்கே அவர் உழவாரத்தைக் கையில் எடுத்தார். கடைசி மூச்சு வரைக்கும் கீழே வைக்கவில்லை.

இன்னொரு மதத்தைக் குறை சொல்ல இந்தக் கதையை எடுக்கவில்லை. சமணர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. ஒரு மனிதன் பயத்தை எப்படி வென்றான் என்பதுதான் நமக்கு வேண்டியது.

அடுத்து வந்தது அரசாங்கத்தின் கோபம். அந்தக் காலத்துப் பல்லவ அரசன் அவரைப் பிடித்துவர ஆள் அனுப்பினான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அரசன் ஆள் வந்தால் அந்த நாளில் யாருக்குத்தான் கால் நடுங்காது? இவர் நடுங்கவில்லை. தான் இறைவனுக்கு மட்டுமே ஆள், வேறு யாருக்கும் அடிமை இல்லை என்ற கருத்தில் பாடினார். பிறகு, வந்தவர்களோடு அமைதியாக நடந்து போனார்.

ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள். கதவைத் திறந்தபோது முகம் வாடாமல் உட்கார்ந்திருந்தார். நெருப்புக்குள் இருந்துகொண்டு அவர் பாடிய பாட்டில் நெருப்பைப் பற்றிய புலம்பல் இல்லை. குளிர்ச்சியானவற்றை எல்லாம் நினைத்து, இறைவன் நிழலும் அப்படித்தான் என்று பாடினார். நஞ்சு கலந்த பால்சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் அவர் பிழைத்தார், கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். பிறகு அரசனே மனம் மாறிச் சைவத்துக்கு வந்தான். திருச்சி மலைக்கோட்டைக் குகைக்கோயிலில் உள்ள கல்வெட்டும், குணபரன் என்ற அரசன் வேற்று நெறியிலிருந்து திரும்பிச் சிவலிங்கத்தை வணங்கியதைச் சொல்கிறது.

கல் மிதக்குமா என்று நம்ம பிள்ளைகள் கேட்பாங்க. கேட்கட்டும். ஒன்றை மட்டும் அவங்களுக்குச் சொல்லுங்க. காளவாய்க் கதவைச் சாத்தும்போது, ஏழு நாள் கழித்து அது திறக்கும் என்று அவருக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை. பிழைப்போம் என்று தெரிந்ததால் வந்த அமைதி இல்லை அது. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் கூட ஒருவன் இருக்கிறான் என்பதால் வந்த அமைதி.

அதற்குப் பிறகு ஊர் ஊராக நடந்தார். போன இடமெல்லாம் பாட்டும் உழவாரமும்தான். கோயில் வாசலில் புல் முளைத்திருந்தால் செதுக்குவார், நடக்கிற பாதையில் முள் கிடந்தால் அப்புறப்படுத்துவார். சீர்காழியில் சிறுபிள்ளையான சம்பந்தர் அவரைப் பார்த்து அப்பரே என்று கூப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது.

இருவரும் திருவீழிமிழலையில் இருந்தபோது நாட்டில் பஞ்சம் வந்தது. அடியார்களுக்குச் சோறு போட, கோயிலில் ஆளுக்கு ஒரு பொற்காசு தினமும் கிடைத்தது. அப்பருக்குக் கிடைத்த காசு கடையில் முழுசாகச் செல்லும். சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் சாப்பாடு நேரமானது. ஏன் இந்த வித்தியாசம் என்று சம்பந்தர் யோசித்தார். அப்பர் கையால் உழைக்கிறார், அதனால்தான் என்று விளங்கியது. பிறகு அவரும் பாடி நல்ல காசு பெற்றார். பாட்டில் இருவரும் பெரியவர்கள். ஆனால் உழைத்த கைக்கு வந்த காசுக்கு மதிப்புக் கூடுதல் என்று பெரியபுராணமே சொல்லிவிட்டது. நம்ம கைக் காய்ப்பைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

வயசான காலத்தில் திருப்புகலூரில் தங்கினார். ஒரு நாள் புல் செதுக்கும்போது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னியதாம். அவர் அதையும் கல்லையும் ஒன்றாகவே பார்த்தார். உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, மிச்சப் புல்லைச் செதுக்கப் போனார். நெருப்புக்குப் பயப்படாதவர் பொன்னுக்கும் மயங்கவில்லை. 81 வயசு வரை வாழ்ந்து, சித்திரைச் சதயத்தில் அந்த ஊரிலேயே இறைவனடி சேர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் பாடியவற்றில் இன்று கிடைப்பவை 4, 5, 6-ஆம் திருமுறைகளாக இருக்கின்றன.

அன்பர்களே, அப்பர் வாழ்க்கையில் கஷ்டம் குறைவாக இருந்ததா? தாய் தகப்பன் சாவு, தீராத வலி, அரசன் பகை, பஞ்சம், எல்லாமே வந்தன. அவர் மூலையில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டும் இருக்கவில்லை, எல்லாம் சாமி பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. மனசைச் சாமியிடம் கொடுத்தார், கையை வேலைக்குக் கொடுத்தார். கேள்வி வந்த இடத்தில் தலை குனியாமல் பதில் சொன்னார்.

நமக்கும் அதுதான் வழி. மனசு கலங்குகிற அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்காதீங்க, கள்ளுக்கடைப் பக்கமும் போகாதீங்க. திலகவதியார் மாதிரி ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கிட்டுக் கோயில் வாசலைக் கூட்டுங்க. சுற்றி முளைத்திருக்கிற புல்லைச் செதுக்குங்க. வேறு சமயத்தவர் அவங்க அவங்க வழிபடுகிற இடத்தில் அதையே செய்யலாம். அந்த நேரம் மூச்சு சீராகும், நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அடங்கின பிறகு சங்கத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்க, ஆபீசில் பேச வேண்டியதை நிதானமாகப் பேசுங்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. கலங்கின மனசோடு போனால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது, தோளில் உழவாரத்தோடு நிற்கிற அந்தப் பெரியவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. புல்வெட்டு வேலை செய்த கைதான் அரசனுக்கும் நடுங்காமல் நின்றது என்று சொல்லிக் கொடுங்க.