அல்-கிந்தியும் நமது வட்ஸ்அப்பும்

வட்ஸ்அப் செய்தியை வேறு யாரும் படிக்க முடியாது என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அல்-கிந்தியின் நினைவுதான் வரும். சுமார் 801இல் கூஃபாவில் பிறந்து, பக்தாதில் கலீபா மஃமூனின் ஆதரவில் பணியாற்றியவர். தத்துவஞானியாகவே அவரை அறிவோம். சங்கேதக் கடிதங்களை உடைப்பது பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதன் பிரதி இஸ்தான்பூலில் கிடைத்தது. எழுத்தை மாற்றி எழுதினாலும் அது எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கு மாறாது, அதை எண்ணியே கடிதத்தைப் படித்துவிடலாம் என்று காட்டினார். இன்றைய குறியாக்கம் அந்த எண்ணிக்கைக்கு மசியாது. ஆனால் எந்தச் சேவையை எந்நேரத்தில், எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது இணைப்பைக் கண்காணிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

முதவக்கிலின் ஆட்சியில், பனூ மூஸா சகோதரர்களின் சூழ்ச்சியால் அல்-கிந்தியின் நூலகமே பறிக்கப்பட்டது. பின்னர் திரும்பக் கிடைத்ததாம். அதற்குள் யார் யார் புரட்டிப் பார்த்தார்களோ!