கைகளை ஈந்த கதிரியல் மருத்துவர் ஜான் ஹால் எட்வர்ட்ஸ்

எலும்பு முறிந்தாலும், நெஞ்சில் சளி கட்டினாலும் மருத்துவர் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொல்கிறார். நொடிப்பொழுதில் படம் எடுத்து முடிந்துவிடுகிறது. அந்த நொடியில் படம் எடுப்பவர் தடுப்புச் சுவருக்கு அப்பால் சென்று நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவ்வாறு ஒதுங்கி நிற்க வேண்டும் என்னும் பாடத்தை உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு விலையாகத் தம் உடலுறுப்புகளையே கொடுத்த முன்னோடிகளுள் ஒருவர், இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் ஹால் எட்வர்ட்ஸ்.

1858ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பர்மிங்காம் நகரில் பிறந்த இவர், அந்நகரிலேயே பள்ளிக் கல்வியும் மருத்துவக் கல்வியும் பெற்று மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். புகைப்படக் கலையில் இவருக்குப் பேரார்வம் இருந்தது. மருத்துவ அறிவும் படம் பிடிக்கும் திறனும் ஒருவரிடமே அமைந்திருந்தமை பின்னாளில் பெரும்பயன் விளைத்தது.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். செய்தி இங்கிலாந்தை எட்டிய சில நாட்களுக்குள், 1896 ஜனவரி 11ஆம் நாள், தம் நண்பர் ஒருவரின் கையில் புதைந்திருந்த ஊசியை ஹால் எட்வர்ட்ஸ் படம் பிடித்துக் காட்டினார். அதே ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், எக்ஸ் கதிர்ப் படத்தின் துணைகொண்டு அறுவை மருத்துவம் நிகழவும் இவர் வழிவகுத்தார். மருத்துவ வரலாற்றில் இத்தகைய முயற்சிகளுள் முதன்மையானவையாக இவை மதிக்கப்படுகின்றன.

1899ஆம் ஆண்டில் பர்மிங்காம் பொது மருத்துவமனையின் எக்ஸ் கதிர் மருத்துவராக அமர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது அங்கிருந்த படை மருத்துவமனைக்குச் சென்று, காயமுற்ற வீரர்களின் உடலில் துப்பாக்கிக் குண்டு தங்கியுள்ள இடத்தைப் படத்தால் கண்டறிந்து உதவினார்.

ஆயினும், பிறர் உடலின் உட்பகுதியை விளக்கிக் காட்டிய அக்கதிர்களே இவர் கைகளை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்தன. அந்நாளில் கண்ணாடிக் குழாயைச் சுற்றி ஈயக் காப்பு எதுவும் இல்லை. ஒரு படம் எடுக்கவே பல நிமிடங்கள் ஆகும். கதிரின் வலிமையை அறிய, இயக்குபவர் தம் கையையே குழாய்க்கும் திரைக்கும் இடையே நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது வழக்கமாக இருந்தது. கதிர் படும்பொழுது வலி தோன்றாது. நாட்கள் சென்ற பின்னரே தோல் சிவக்கும், வெடிக்கும், ஆறாப் புண்ணாகும். சிறுகச் சிறுகச் சேர்ந்த தீங்கு முடிவில் புற்றுநோயாகவும் மாறும்.

எக்ஸ் கதிர்களின் புகழ் ஓங்கி நின்ற அக்காலத்தில், ஹால் எட்வர்ட்ஸ் தம் துன்பத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். 1904ஆம் ஆண்டில், எக்ஸ் கதிரால் நேரும் நாட்பட்ட தோல் நோயைப் பற்றி மருத்துவ இதழில் எழுதி, தொழில் துணைவர்களை எச்சரித்தார். 1908ஆம் ஆண்டில் இவரது இடக்கை முழங்கைக்குக் கீழே அகற்றப்பட்டது. பின்னர் வலக்கையின் நான்கு விரல்களும் நீக்கப்பட்டு, கட்டைவிரல் ஒன்றே எஞ்சியது. அரசு ஆண்டுக்கு 120 பவுன் உதவித்தொகை வழங்கிற்று. அகற்றப்பட்ட இடக்கையோ பின்வருவோர் கண்டு தெளியும் பொருட்டுப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டது.

இத்தனை இழப்புக்குப் பின்னும் இவர் ஓய்ந்திருக்கவில்லை. முதல் உலகப் போரின்போது படை மருத்துவமனைகளில் பொறுப்பேற்றுப் பணிபுரிந்தார். 1920ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகர மன்ற உறுப்பினரானார். 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவரைப் போன்றோர் பட்ட துயரம் வீண்போகவில்லை. 1921ஆம் ஆண்டில் பிரிட்டனில் கதிர்ப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 1928ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் அனைத்துலக அளவிலும் அத்தகைய குழு தோன்றியது. 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவமனை வளாகத்தில், கதிரியல் பணியில் உயிரீந்தோர்க்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பெற்றன.

இன்று கதிரியல் பிரிவில் பணிபுரிவோர் அணியும் ஈய மேலாடையும், உடலில் பட்ட கதிரின் அளவைக் காட்டும் சிறு வில்லையும் அப்பெருமக்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். ஆகவே, மருத்துவர் தேவையெனக் கருதும்போது எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள நாம் அஞ்சுதல் வேண்டா; தேவையின்றி எடுக்குமாறு வற்புறுத்தலும் வேண்டா. கருவுற்ற பெண்கள் அதனை முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும். படம் எடுக்கும் அறையில் விலகி நிற்கச் சொன்னால் தயங்காது விலகி நிற்போம். அச்சிறு சொல்லுக்குப் பின்னால் ஒரு நல்ல மருத்துவரின் இரு கைகள் உள்ளன.