காகிதத்துக்காக வந்த குளிர்: வில்லிஸ் கேரியர்

குழந்தைகளே, வெயில் காலத்துல உங்க வீட்டுல என்ன செய்வீங்க? சன்னலைத் திறந்து வைப்பீங்களா? ஃபேன் போடுவீங்களா? சில வீடுகளில் சக்கரம் வைத்த ஏசி ஒன்று இருக்கும். அதை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். அதன் பின்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தடித்த குழாய் இருக்கும். அந்தக் குழாயின் முனையைச் சன்னலில் பொருத்த வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்னால் வரும் புழுக்கமான நாட்களில் அதன் அடியில் தண்ணீர் சேர்ந்துவிடும். நாம யாரும் அதுல தண்ணி ஊத்தலையே! அப்புறம் அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவரின் கதையைத்தான் இன்று படிக்கப் போறோம். அவர் பெயர் வில்லிஸ் கேரியர்.

ஆப்பிளும் கணக்கும்

வில்லிஸ் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி அமெரிக்காவில் பிறந்தார். அவருடைய ஊரின் பெயர் அங்கோலா. ஆப்பிரிக்காவில் உள்ள அங்கோலா நாடுன்னு நினைச்சுடாதீங்க! இது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பண்ணை வீட்டில் அவர் வளர்ந்தார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

பள்ளியில் அவருக்குப் பின்னக் கணக்கு புரியவே இல்லை. அம்மா அவரை ஆப்பிள் எடுத்துவரச் சொன்னார். ஓர் ஆப்பிளை இரண்டாக வெட்டினார். இன்னொன்றை நான்காக வெட்டினார். மற்றொன்றை எட்டாக வெட்டினார். துண்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் காட்டினார். அவ்வளவுதான், வில்லிஸுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெரிய பிரச்சினையைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்று அவர் கற்றுக்கொண்டார்.

வில்லிஸுக்கு 11 வயதானபோது அம்மா இறந்துபோனார். அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் மட்டும் அவருடனேயே இருந்தது.

குடும்பத்தில் பணம் அதிகம் இல்லை. உதவித்தொகை பெற்று அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புல் வெட்டுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டே படித்தார். 1901இல் பொறியாளர் ஆனார். பஃபலோ நகரத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

வீங்கிய காகிதம்

1902ஆம் ஆண்டு கோடையில் அவரிடம் ஒரு பிரச்சினை வந்தது. புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் வண்ணப் படங்கள் சரியாக வரவில்லை. ஏன் தெரியுமா?

வண்ணப் படத்தை அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சடிப்பார்கள். புழுக்கமான நாளில் காற்றில் ஈரம் அதிகம். காகிதம் அந்த ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் வீங்கும். ஈரம் குறைந்தால் சுருங்கும். அதனால் ஒரு நிறம் விழுந்த இடத்தில் அடுத்த நிறம் சரியாக விழாது. உதட்டுக்குப் போக வேண்டிய சிவப்பு கன்னத்துக்குப் போயிடும்!

அப்போது வில்லிஸுக்கு வயது 25தான். குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்களை வைத்து, அவற்றின் மேல் காற்றை வீசச் செய்யும் ஓர் அமைப்பை அவர் வரைந்தார். காற்று குளிர்ந்தது. அதில் இருந்த நீராவி குழாய்களின் மேல் நீர்த்துளியாகப் படிந்தது. அறையில் ஈரம் குறைந்தது.

பார்த்தீங்களா? இந்தக் குளிர் மனிதர்களுக்காக வந்தது இல்லை. காகிதத்துக்காக வந்தது!

மூடுபனியில் ஒரு யோசனை

அதே ஆண்டில் ஓர் இரவு, பிட்ஸ்பர்க் நகர ரயில் நிலையத்தில் அவர் காத்திருந்தார். எங்கும் மூடுபனி. மற்றவர்கள் ரயில் வருமா என்று பார்த்திருப்பார்கள். அவர் பனியைப் பார்த்தார்.

குளிர்ந்த காற்றால் கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்க முடியும். அப்படியானால் காற்றின் குளிரை நாம் முடிவு செய்தால், அதில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். காற்றைக் குளிர்ந்த நீர்த் தூறலின் வழியாக அனுப்பினால் போதும். மிச்ச ஈரம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து விழுந்துவிடும். தண்ணீரை வைத்தே காற்றை உலர்த்துவதா? கேட்கவே விசித்திரமா இருக்கு இல்லையா? ஆனால் அது வேலை செய்தது. 1906இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஏழு பேர்

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. செலவைக் குறைக்க நினைத்த அவருடைய நிறுவனம், இந்தக் காற்று வேலையை நிறுத்த முடிவு செய்தது. இத்தனை வருட உழைப்பும் வீணாகும் நிலை. வில்லிஸும் ஆறு நண்பர்களும் தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். மொத்தம் 32,600 டாலர் சேர்ந்தது. 1915இல் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்துக் குளிர் இயந்திரங்கள் பலவற்றில் அம்மோனியா இருந்தது. அது கசிந்தால் ஆபத்து. மக்கள் கூடும் இடத்தில் அதை எப்படி வைப்பது? 1922இல் ஆபத்துக் குறைந்த ஒரு புது இயந்திரத்தை அவர் காட்டினார்.

1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் அந்த இயந்திரம் வந்தது. முதல் நாள் மக்கள் வழக்கம்போல கைவிசிறியோடு வந்தார்கள். அரங்கம் குளிர நேரம் ஆனது. எல்லோரும் விசிறிக்கொண்டே இருந்தார்கள். வில்லிஸ் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல ஒவ்வொரு விசிறியாக நின்றது.

வீட்டுக்கு வந்த ஏசி

1928இல் வீடுகளுக்காகவும் ஓர் இயந்திரம் செய்தார். ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பெரிய பணத் தட்டுப்பாடு தொடங்கியது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. வீட்டில் ஏசி வாங்க யாரிடம் பணம் இருந்தது?

1950ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி வில்லிஸ் கேரியர் காலமானார். அந்தப் பத்தாண்டில்தான் அமெரிக்க வீடுகளில் ஏசி வேகமாகப் பரவியது. அதை அவர் பார்க்கவில்லை.

இப்போ உங்க சக்கர ஏசிக்கு வருவோம். ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து அந்தத் தடித்த குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. குழாயைச் சன்னலில் வைக்காமல் அறைக்குள்ளேயே விட்டால் அறை குளிராது. சன்னலில் இடைவெளி இருந்தால் சூடான காற்று திரும்பி வரும். அதனால் இடைவெளியை அடைத்து, கதவை மூடி, திரைச்சீலையை இழுத்துவிடுங்க. மின்சாரமும் மிச்சமாகும்.

அடியில் சேர்ந்த தண்ணீர்? அது உங்க அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஈரம்தான். அடுத்த தடவை அதைக் கொட்டும்போது, புரூக்ளினில் வீங்கிய காகிதத்தை நினைச்சுக்கோங்க.

சொல் அறிவோம்

பின்னம் – முழு எண்ணின் பகுதி (அரை, கால்)
அச்சகம் – புத்தகம், படம் அச்சடிக்கும் இடம்
புழுக்கம் – வெப்பமும் ஈரமும் சேர்ந்த நிலை
நீராவி – காற்றில் கலந்த தண்ணீர்
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை

பேசுவோம்

1. அம்மா ஆப்பிளை ஏன் வெட்டிக் காட்டினார்?
2. அச்சகத்தில் நிறங்கள் ஏன் இடம் மாறின?
3. வில்லிஸின் வாழ்க்கையில் எந்த நேரம் மிகவும் கடினமானது என்று நினைக்கிறீங்க? ஏன்?

செய்து பார்ப்போம்

ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேசையில் வையுங்க. 10 நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? வீட்டில் அப்பா அம்மாவிடமோ தாத்தா பாட்டியிடமோ தமிழில் விளக்கிச் சொல்லுங்க.